வாடிக்கையாளர் கொண்டுவரும் டப்பாவில் பார்சல் போட்டுக் கொடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சின்னக்கடை எழுதியது:

எங்களுடையது பார்சல் மட்டும் கொடுக்கிற சின்ன உணவுக்கடை. உட்கார்ந்து சாப்பிட இடம் இல்லை. சமையலுக்கு இரண்டு பேர், கவுண்டரில் ஒருவர், அது பெரும்பாலும் நான்தான். சில மாதங்களாக வாடிக்கையாளர்களில் ஏழெட்டுப் பேர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து "இதிலேயே போட்டுக் கொடுங்கள், உங்கள் பெட்டி வேண்டாம்" என்கிறார்கள். எனக்கு இது மனதாரப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு இரவும் கடையை மூடும்போது அன்றைக்கு எத்தனை பெட்டி வெளியே போனது என்று கணக்கு எழுதுகிறேன், அத்தனையும் அரை மணி நேரம் பயன்பட்டுவிட்டுக் குப்பைக்குத்தான் போகும் என்று தெரிந்தே எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் போன வாரம் நடந்தது என்னை யோசிக்க வைத்துவிட்டது. ஒருவர் கொடுத்த டப்பாவின் மூடி இடுக்கில் பழைய எண்ணெய் பிசுபிசுப்பு, திறந்ததும் லேசான வாடை. கூட்டமான நேரம். அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குச் சங்கடம். உள்ளே கொடுத்து அலசித் தரச் சொன்னேன். எங்கள் ஆள் அதை எங்கே அலசினார் என்றால், காய்கறி கழுவுகிற தொட்டியில். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியை முழுக்கத் தேய்த்துக் கழுவி, கழுவி வைத்திருந்த காயையெல்லாம் தூக்கிப் போட்டு, இருபது நிமிடம் வேலை நின்றது. சமையல்காரர் "இனிமேல் வெளிப் பாத்திரம் எதுவும் என் அடுப்படிக்குள் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு பிரச்சினை அளவு. பெரிய டப்பாவில் போட்டால் பாதிகூட நிறையாது, "என்ன இவ்வளவுதானா" என்று கேட்கிறார்கள். எங்கள் பெட்டியில் அதே அளவு தளும்பத் தளும்ப இருக்கும். நாங்கள் கண்ணளவில் போட்டுப் பழகியவர்கள், டப்பாவின் வடிவம் மாறினால் கண் ஏமாந்துவிடுகிறது, ஒருவருக்குக் கூடப் போகிறது, ஒருவருக்குக் குறைகிறது.

நிறுத்திவிட எனக்கு மனமில்லை. ஒழுங்காகச் செய்ய ஒரு வழி இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டும். யாருக்காவது வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யாருடையது என்பதும் தெரிய வேண்டும்.

---

அடுப்படி எழுதியது:

உங்கள் சமையல்காரர் சொன்னதுதான் சரியான தொடக்கம். நான் பல வருடம் பெரிய சமையலறைகளில் மேற்பார்வை பார்த்தவன். வெளியிலிருந்து வரும் டப்பா சுத்தமா இல்லையா என்று நாம் பார்த்துத் தீர்மானிக்கவே முடியாது. பளபளவென்று இருக்கிற டப்பாவும் பேருந்து இருக்கையில், பையில், தரையில் இருந்துவிட்டுத்தான் வருகிறது. அதனால் அந்த டப்பா எங்கே வைக்கப்படுகிறது, அதை யார் தொடுகிறார்கள், நம் கரண்டி அதன் மேல் படுகிறதா, இந்த மூன்றைத்தான் நம்மால் கட்டுப்படுத்த முடியும். அதைச் செய்தால் போதும்.

இதற்குத் தட்டு முறை என்று ஒன்று இருக்கிறது. கவுண்டரில் ஒரு தட்டை வைத்துவிடுங்கள். வாடிக்கையாளரே மூடியைத் திறந்து, மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, டப்பாவை மட்டும் அந்தத் தட்டில் வைக்க வேண்டும். நம் ஆள் தட்டைத்தான் தொடுவார், டப்பாவைத் தொடமாட்டார். தட்டோடு உள்ளே போய், கரண்டி விளிம்பில் படாமல் மேலிருந்து ஊற்றி, தட்டோடு வெளியே வந்து நீட்டினால் அவரே எடுத்து மூடிக்கொள்வார். தட்டு நேராகக் கழுவுகிற இடத்துக்குப் போய்விடும், அடுத்தவருக்கு வேறு தட்டு.

பலர் டப்பாவைப் பற்றியே கவலைப்பட்டுவிட்டுக் கரண்டியை மறந்துவிடுகிறார்கள். டப்பாவின் விளிம்பில் பட்ட கரண்டி திரும்பப் பெரிய பாத்திரத்துக்குள் போனால், ஒருவருடைய டப்பாவில் இருந்தது அதற்குப் பிறகு வாங்குகிற அத்தனை பேருக்கும் போகிறது. அழுக்கு டப்பாவால் அதைக் கொண்டுவந்தவருக்குத்தான் கெடுதல், இந்தக் கரண்டியால் ஐம்பது பேருக்குக் கெடுதல்.

அப்புறம், யாருடைய டப்பாவையும் கழுவித் தராதீர்கள். அதை ஒரு உதவியாகக்கூடச் செய்யாதீர்கள். அழுக்காக இருந்தால் "மன்னிக்கவும், இன்றைக்கு எங்கள் பெட்டியில் தருகிறேன்" என்று சொன்னால் போதும்.

---

நாலுடப்பா எழுதியது:

நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள், ஐந்து வருடமாக டப்பா தூக்கிக்கொண்டு போகிறேன், அதனால் எங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. ஒரு கடையில் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள், அதே கடையில் அடுத்த நாள் வேறு ஆள் நின்றால் "அதெல்லாம் முடியாது" என்பார். ஒருமுறை ஒரு கடையில் என் டப்பாவை வாங்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப் பிளாஸ்டிக் பெட்டியில் அளந்து போட்டு, அதை என் டப்பாவில் கவிழ்த்துவிட்டு, அந்தப் பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டார் அந்தப் பையன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அளவு தெரிய வேண்டும், அந்தப் பெட்டிதான் அவருக்குத் தெரிந்த அளவு. ஆனால் நான் அவ்வளவு தூரம் டப்பாவைச் சுமந்து வந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் மனது ஆறவில்லை.

இன்னொன்று, பல கடைகளில் கூட்டம் வருவதற்கு முன்பே பெட்டிகளில் நிரப்பி அடுக்கி வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்த பிறகு நான் டப்பாவை நீட்டினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நீங்கள் எந்தெந்த உணவை முன்கூட்டியே கட்டி வைக்கிறீர்கள், எதைக் கேட்ட பிறகு போடுகிறீர்கள் என்று பாருங்கள். கேட்ட பிறகு போடுகிறவற்றுக்கு மட்டும் டப்பா என்று சொன்னால்கூட எங்களுக்குப் போதும்.

எங்களுக்கு வேண்டியது பெரிய வசதியெல்லாம் இல்லை. கதவருகே ஒரு பலகை, அதில் என்ன அளவு டப்பா, எப்படிப்பட்ட டப்பா, எப்போது சொல்ல வேண்டும் என்று நாலு வரி. பில் போடுவதற்கு முன்பே "டப்பா வைத்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது.

---

சின்னக்கடை எழுதியது:

அக்கா, அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் அளந்து கவிழ்க்கிற வேலையை நாங்களும் இரண்டு முறை செய்திருக்கிறோம். படித்ததும் வெட்கமாகிவிட்டது.

அடுப்படி அண்ணா, தட்டு முறை புரிந்தது. ஆனால் எங்கள் அடுப்படி மிகக் குறுகல், தட்டோடு ஒருவர் உள்ளே வந்து திரும்பினால் இன்னொருவர் நகர வேண்டும். அதுவும் போக, சமையல்காரரிடம் "தட்டில் வைத்துத்தானே கொண்டுவருகிறோம்" என்று சொல்லிப் பார்த்தேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

---

கைகழுவு எழுதியது:

உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் சமையல்காரருக்கும் உங்களுக்கும் இடையில் சண்டை வரத் தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. டப்பா கவுண்டரைத் தாண்டவே வேண்டாம். உணவு டப்பாவைத் தேடி வரட்டும். அதாவது ஒரு பங்குக்கு என்று ஒரே அளவான எவர்சில்வர் கிண்ணங்கள் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூக்கு வைத்ததாக இருந்தால் ஊற்றுவது சுலபம். உள்ளே சமையல்காரர் அந்தக் கிண்ணத்தில் வழக்கம்போல் போட்டுக் கொடுப்பார். நீங்கள் கவுண்டரில் வைத்து, வாடிக்கையாளர் கண் முன்னால், டப்பாவில் படாமல் ஊற்றுவீர்கள். கிண்ணம் கழுவப் போய்விடும். பொதுக் கரண்டி டப்பாவின் பக்கமே வராது. உங்கள் அளவுப் பிரச்சினையும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் கிண்ணம் நிறைந்திருந்ததை அவர் பார்த்துவிட்டார், பெரிய டப்பாவில் பாதி வந்தாலும் சந்தேகம் வராது. கெட்டியான உணவு கிண்ணத்தில் ஒட்டும், அதற்குக் கிண்ணத்துக்கென்று தனிக் கரண்டி ஒன்று வையுங்கள், அதுவும் கிண்ணத்தோடு கழுவப் போக வேண்டும். கழுவுகிற பாத்திரம் கூடும் என்பது உண்மைதான்.

கவுண்டரில் டப்பா வைக்கிற இடத்தை மட்டும் தனியாக ஒதுக்குங்கள். சும்மா துணியால் துடைத்தால் போதாது, ஒவ்வொரு முறையும் சுத்தப்படுத்திக் கிருமிநாசினி போட வேண்டும், அல்லது அடுப்படி சொன்னதுபோல் தட்டு வைத்து மாற்ற வேண்டும். ஒரே ஈரத்துணியால் நாள் முழுக்கத் துடைப்பது மோசம், அது ஒரு இடத்து அழுக்கை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகும்.

கை விஷயம். வாடிக்கையாளர் டப்பாவையோ பணத்தையோ தொட்ட கையோடு உணவைத் தொடக்கூடாது. பலர் ஆல்கஹால் ஜெல் போட்டுக்கொண்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோவைரஸுக்கு ஜெல் சரியாக வேலை செய்யாது, மிகக் கொஞ்சம் கிருமி உள்ளே போனாலே நோய் வந்துவிடும். சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் அதே கதைதான், டப்பாவைத் தொட்ட கையுறை அழுக்குக் கைதான்.

ஒவ்வாமையைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. நிலக்கடலை, எள், பால், முட்டை போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் துளி போதும், உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டு டப்பாவில் நேற்று என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. யாராவது ஒவ்வாமை என்று சொல்லி உணவு கேட்டால், அவர் டப்பாவில் போடுவதா என்று அவரையே கேளுங்கள், அந்த இடத்தில் வேறு யாருடைய டப்பாவும் அப்போது இருக்கக்கூடாது.

சூட்டைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைக்க வேண்டும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. இது எந்தப் பெட்டிக்கும் பொதுவானது. ஆனால் வீட்டு டப்பாவில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரிய ஆழமான டப்பாவில் நிறைய வாங்கிக்கொண்டு போய் அப்படியே மூடி வைத்துவிடுவார்கள், உள்ளே நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். சோற்றில் இது கவனிக்க வேண்டிய விஷயம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை, வெதுவெதுப்பில் அவை முளைத்து நச்சை உண்டாக்கும், அது திரும்பச் சுடவைத்தாலும் போகாது. பிளாஸ்க் கொண்டுவருகிறவர்களிடம் முதலில் கொதிநீர் ஊற்றி வைத்து, அதைக் கொட்டிவிட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். குளிர்ந்த பிளாஸ்க் உணவின் சூட்டை முதலிலேயே இழுத்துக்கொள்ளும்.

எந்த டப்பா? எவர்சில்வர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும், 5 என்றால் பாலிப்ராப்பிலீன், சூட்டைத் தாங்கும். 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில் செய்கிற வகை, சூடான உணவைப் போட்டால் நெளிந்துவிடும். ஐஸ்கிரீம் வந்த டப்பாவைக் கழுவிக் கொண்டுவருவார்கள், அது குளிருக்காகச் செய்தது, சூடான குழம்புக்கு வேண்டாம். அலுமினியம் புளிப்பான உணவோடு சேராது. கண்ணாடி வீட்டில் நல்லதுதான், ஆனால் உணவு திறந்திருக்கும் இடத்தில் ஒன்று உடைந்தால் சுற்றியுள்ள அத்தனையையும் கொட்ட வேண்டும், அதனால் நான் பயிற்சி கொடுக்கும் கடைகளில் கண்ணாடி வேண்டாம் என்றே சொல்வேன். கீறல் விழுந்து மங்கிப்போன பிளாஸ்டிக்கும் வேண்டாம், அந்தக் கீறலுக்குள் என்ன இருக்கிறது என்று கழுவியவருக்கே தெரியாது.

---

அடுப்படி எழுதியது:

கிண்ணம் வைத்து ஊற்றுகிற யோசனை நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வறுத்தது, பொரித்தது, அடுக்கி வைக்கிறது இதையெல்லாம் கிண்ணத்திலிருந்து கவிழ்த்தால் உருக்குலைந்துவிடும். அந்த வகைக்கு இடுக்கியால் நேராக டப்பாவில் வைக்க வேண்டும், விளிம்பில் பட்டால் இடுக்கியை மாற்ற வேண்டும். திரவத்துக்குக் கிண்ணம், மற்றதுக்கு இடுக்கி என்று பிரித்துக்கொள்ளுங்கள். எடை போட்டு விற்கிற கடையாக இருந்தால் இன்னும் சுலபம், காலி டப்பாவை வைத்துத் தராசைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் போடலாம்.

---

கைவிட்டவன் எழுதியது:

நான் இதை ஏழு மாதம் செய்துவிட்டு நிறுத்தியவன். யாரையும் தடுக்க எழுதவில்லை, எங்கே தவறினேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

முதல் தவறு, கூட்ட நேரத்திலும் அனுமதித்தது. டப்பா கொண்டுவந்தவருக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆனது, பின்னால் நிற்கிறவர்கள் முகம் சுளித்தார்கள், டப்பா கொண்டுவந்தவரே கூச்சப்பட்டு அடுத்த முறை கொண்டுவராமல் விட்டார். இரண்டு மூன்று டப்பாக்கள் ஒரே நேரத்தில் வந்தபோது யாருடையது எது என்று குழம்பி ஒருவர் டப்பாவில் இன்னொருவர் உணவு போய்விட்டது. டோக்கன் எண் ஒன்றைத் தட்டில் வைத்திருந்தால் அது நடந்திருக்காது, அப்போது தோன்றவில்லை.

இரண்டாவது, டப்பா கொண்டுவந்தால் விலையில் தள்ளுபடி என்று அறிவித்தேன். ஏற்கனவே கொண்டுவந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள், புதிதாக ஒருவர்கூட வரவில்லை. பிறகுதான் படித்தேன், பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2017ல் வெளியிட்ட ஆய்வில் இதையே பார்த்திருக்கிறார்கள். காப்பிக் கடைகளில் சொந்தக் கோப்பைக்குத் தள்ளுபடி கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் மாறவில்லை, தூக்கி எறியும் கோப்பைக்குத் தனியாகக் காசு வாங்கியபோது சொந்தக் கோப்பை கொண்டுவருகிறவர்கள் கூடினார்கள். அதே தொகைதான், ஆனால் கிடைக்காமல் போவதைவிடக் கையிலிருந்து போவதுதான் மனிதருக்கு உறைக்கிறது. பெட்டியின் விலையை உணவு விலைக்குள் ஒளித்து வைக்காமல் பில்லில் தனி வரியாகக் காட்டியிருந்தால் என் கதை வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். திரும்பத் தொடங்கினால் முதலில் செய்வது அதுதான்.

---

சட்டம்தெரிந்தவர் எழுதியது:

பொறுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு, ஆனால் சட்டம் எழுதியவர்கள் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் தெளிவு வரும்.

பிரான்சில் 2020ல் வந்த சட்டத்தின்படி வாடிக்கையாளர் தன் பாத்திரத்தில் கேட்கலாம், ஆனால் அது பார்வைக்குச் சுத்தமாகவும் வாங்கும் பொருளுக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும். பாத்திரத்தின் சுத்தத்துக்கு வாடிக்கையாளர் பொறுப்பு. அழுக்காக இருந்தால் கடைக்காரர் மறுக்கலாம், அதைச் சட்டமே சொல்கிறது. எப்படிப்பட்ட பாத்திரம் வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும், நாலுடப்பா கேட்ட அந்தப் பலகை அங்கே சட்டக் கடமை.

கலிபோர்னியாவில் 2019ல் நிறைவேறிய சட்டம் கடைக்காரர் பக்கத்தை எழுதியிருக்கிறது. வாடிக்கையாளர் பாத்திரத்தைப் பரிமாறும் இடத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறை நிரப்பிய பிறகும் அந்த இடத்தைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். பாத்திரத்திலிருந்து அழுக்கோ கிருமியோ உணவில் கலக்காமல் எப்படிச் செய்கிறோம் என்று எழுத்தில் வைத்திருக்க வேண்டும், அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும்.

ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் பார்சல் விற்கிற கடைகள் திரும்பப் பயன்படுத்தும் பெட்டியையும் வைத்திருக்க வேண்டும். 5 ஊழியருக்கும் 80 சதுர மீட்டருக்கும் மிகாத சின்னக் கடைகளுக்கு அதிலிருந்து ஒரு விலக்கு, அவர்கள் வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தால் போதும். உங்களைப் போன்ற சின்னக் கடைக்கு டப்பா முறைதான் எளிய வழி என்று அங்கே சட்டமே நினைத்திருக்கிறது பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதிகட்டல் ஒழுங்குமுறையில் 2027 பிப்ரவரி முதல் வாடிக்கையாளர் பாத்திரத்தில் போட்டுக் கொடுக்கும் விதி எல்லா உறுப்பு நாடுகளுக்கும் வருகிறது, சொந்தப் பாத்திரத்தில் வாங்குகிறவரிடம் கூடுதல் விலை கேட்கக்கூடாது என்பதும் அதில் உண்டு.

சுருக்கமாக, பாத்திரம் வாடிக்கையாளர் பொறுப்பு, உணவும் அது கைமாறும் விதமும் கடைக்காரர் பொறுப்பு. உங்கள் ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேராகக் கேட்டு, நீங்கள் செய்யப்போகும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விதி அதைக் கேட்காத இடத்திலும் அந்த ஒரு பக்கம் உங்களைக் காப்பாற்றும். எங்கள் ஆள் அலசினார், எங்கே அலசினார் தெரியாது என்ற நிலைமை திரும்ப வராது.

---

பழையகணக்கு எழுதியது:

எல்லாரும் டப்பாவுக்கு ஆதரவாகப் பேசுகிறீர்கள், நான் ஒரு சந்தேகத்தை வைக்கிறேன். ஏழெட்டுப் பேருக்காக இவ்வளவு ஏற்பாடா? காகிதப் பெட்டிக்கு மாறினால் முடிந்துவிடாதா? இல்லையென்றால் கடையே நல்ல டப்பாக்கள் வைத்து, முன்பணம் வாங்கிக் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்தால் பணத்தைக் கொடுப்பது. கழுவுவது நம் கையில், எல்லாம் ஒரே அளவு, டப்பா யாருடையது என்ற குழப்பமே இல்லை.

---

கைகழுவு எழுதியது:

பழையகணக்கு, காகிதம் என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, இல்லையென்றால் குழம்பு ஊறி வெளியே வந்துவிடும். அந்தப் பூச்சைப் பிரிக்க முடியாததால் பழைய காகிதத்தோடு சேர்த்து மறுசுழற்சி செய்வது கஷ்டம், உணவு ஒட்டியிருந்தால் இன்னும் கஷ்டம். எண்ணெய் ஊறாமல் இருக்கச் சில காகித, நார்ப் பெட்டிகளில் பிஃபாஸ் என்கிற வேதிப்பொருள்களைச் சேர்த்து வந்தார்கள், அவை இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. டென்மார்க் 2020லேயே உணவுக் காகிதத்தில் அவற்றைத் தடுத்தது, அமெரிக்காவில் அப்படிப்பட்ட எண்ணெய் எதிர்ப்புப் பொருள்களின் விற்பனை நின்றுவிட்டது என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. தெர்மாகோல் பெட்டியை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் நிறுத்திவிட்டது. பெட்டியின் பொருளை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஒரு சிக்கல் வரும்.

முன்பணம் வாங்கும் டப்பா நல்ல முறை, ஆனால் அதற்கு இடம், சூடான தண்ணீர் ஓடும் கழுவும் வசதி, திரும்பி வராத டப்பாக்களுக்கான முதலீடு எல்லாம் வேண்டும். புதிதாகச் செய்த டப்பா பலமுறை பயன்பட்ட பிறகுதான் அதைச் செய்த செலவு ஈடாகும். வீட்டு அலமாரியில் ஏற்கனவே இருக்கிற டப்பாவுக்கு அந்தக் கணக்கே இல்லை. மூன்று பேர் நடத்துகிற கடை அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

---

நாலுடப்பா எழுதியது:

ஏழெட்டுப் பேர்தானே என்று கேட்டதற்கு: நான் முதலில் போனபோது அந்தக் கடையில் நான் ஒருத்திதான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் பார்த்தார், அடுத்த வாரம் அவரும் கொண்டுவந்தார். அதை நானே கண்ணால் பார்த்தேன். 2020ல் தொற்றுக் காலத்தில் எல்லாக் கடையும் சொந்தப் பாத்திரத்தை நிறுத்தியபோது அந்தப் பழக்கம் அப்படியே அறுந்துபோனது. அந்த வருடம் ஜூன் மாதமே 100க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து, அடிப்படைச் சுத்தம் இருந்தால் திரும்பப் பயன்படுத்தும் பாத்திரங்கள் பாதுகாப்பானவைதான் என்று அறிக்கை விட்டார்கள், ஆனாலும் பல கடைகள் திரும்பத் தொடங்கவே இல்லை. ஒருமுறை நின்றால் மறுபடி வருவது கஷ்டம். அதனால்தான் சின்னக்கடையிடம் கேட்கிறேன், குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்க நிறுத்திவிடாதீர்கள்.

---

சின்னக்கடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சமையல்காரரோடு உட்கார்ந்து பேசினேன். டப்பா கவுண்டரைத் தாண்டாது என்றதும் அவர் முகம் மாறியது, கிண்ணத்தை எங்கே வாங்கலாம் என்று அவரே சொன்னார். பன்னிரண்டு கிண்ணம் வாங்கியாயிற்று. கழுவுவதற்குத் தனித் தொட்டி வைக்க இடமில்லை, ஆனால் காய்கறித் தொட்டியில் பாத்திரம் எதுவும் இறங்காது என்று எழுதி ஒட்டிவிட்டோம்.

பலகையில் இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"உங்கள் சொந்த டப்பாவில் வாங்கலாம். பில் போடும் முன் சொல்லுங்கள். டப்பா கழுவிக் காய்ந்ததாக, இறுக்கமான மூடியோடு, ஒரு லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். எவர்சில்வர் அல்லது சூடு தாங்கும் பிளாஸ்டிக் மட்டும், கண்ணாடி வேண்டாம். மூடியை நீங்களே திறந்து, நீங்களே மூடுங்கள். சுத்தமில்லாத டப்பாவில் தர மாட்டோம், கழுவித் தரவும் மாட்டோம், எங்கள் பெட்டியில் தருவோம்."

கூட்டமான இரண்டு மணி நேரத்துக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பெட்டிக்கான காசைப் பில்லில் தனி வரியாக அடுத்த மாதத்திலிருந்து காட்டுவோம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அழுக்கு டப்பாவோடு வருகிறவரிடம் பெட்டிக்குக் காசு வாங்குவதா?

---

அடுப்படி எழுதியது:

முதல் முறை வாங்காதீர்கள். பலகையைக் காட்டுங்கள், பெட்டியை இனாமாகக் கொடுங்கள். காசும் வாங்கினால் அவர் இனி டப்பா கொண்டுவர மாட்டார், கடைக்கும் வர மாட்டார். இரண்டாவது முறை வாங்குங்கள்.

---

கைகழுவு எழுதியது:

பலகையில் ஒரு வரி சேருங்கள்: "உணவு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்." அதைக் கடைசியில் போடாமல் மேலே போடுங்கள், பெரிய எழுத்தில்.